மீண்டும் கைநாட்டுக் காலம்

'கைநாட்டுப் பேர்வழி' என்பது ஒரு காலத்தில் எம்மூர்களிலே வசைச் சொல்லாக வழங்கியது. பிறர் எழுதிய உறுதியின் கீழே மைபூசிய பெருவிரலைப் பதித்துவிட்டு, அதில் யாது எழுதப்பட்டிருந்தது என்பதை வழக்கு மன்றத்திலேதான் அறிந்துகொள்பவன் என்பது அதன் பொருள். பெயரெழுதப் பழகியவன் அவ்விழிவினின்றும் நீங்கினான்.

இன்றோ பட்டதாரிகளும் கைநாட்டு வைக்கின்றனர். அரச அலுவலகங்கள் பலவற்றில் எழுதுவினைஞர் காலையிலே சிறியதொரு கண்ணாடித் தட்டில் விரலை வைத்த பின்னரே வேலைக்கு வந்தவராகிறார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்போரிடம் 2015 முதல் விரலடையாளம் பெறப்படுகின்றது. கைத்தொலைபேசி விரலுக்கும் முகத்துக்கும் திறக்கும் பெட்டகமாகிவிட்டது. இவையெல்லாம் பாதுகாப்புக்காகவே என்கின்றனர். யாருடைய பாதுகாப்பு என்பதையும் சிறிது ஆராய்தல் நன்று.

இக்கலை மேனாட்டிலே பிறந்து எம்மிடம் வந்ததெனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது பெரும்பாலும் வங்காளத்து மண்ணில் வளர்ந்தது. 1858 இல் ஜங்கிப்பூரில் ஆங்கில அதிகாரியாயிருந்த வில்லியம் ஹேர்ஷல், பாதை வேலைக்குப் பொருள் வழங்க உடன்பட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத்தாளிலே பதிப்பித்தார். 'இது என் ஒப்பமன்று' எனக் கோனாய் பின்னர் மறுக்கத் துணியாதவாறு அவரை அச்சுறுத்துவதே தம் நோக்கமென ஹேர்ஷலே கூறியிருக்கிறார். ஐயமும் அச்சமும் இக்கலையோடு உடன்பிறந்தவை.

1892 இல் பிரான்சிஸ் கோல்ற்றன் விரல் ரேகைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 1897 இல் கல்கத்தாவிலே விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. ஆயிரக்கணக்கான அடையாளங்களுள் வேண்டியதொன்றை விரைந்து தேடி எடுக்கத்தக்க பாகுபாட்டை உருவாக்க அங்கு உழைத்தோர் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவர். அதற்கு வழங்கும் பெயரோ அவர்தம் மேலதிகாரி எட்வேட் ஹென்றியினுடையது. (மாணவன் செய்த கணக்குக்கு ஆசிரியர் புகழ்பெறுவது அக்காலத்து வழக்கம் மட்டுமன்று.) 1901 இல் ஸ்கொட்லாந்து யார்ட்டும் அம்முறையையே மேற்கொண்டது.

பொறி எவ்வாறு ஆளை அறிகின்றது? விரல் ரேகைகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. ஒரே முகச்சாயலுடைய இரட்டையர்க்கும் அவை வேறுபடும். பொறி ரேகைக் கோடுகள் முடியுமிடங்களையும் இரண்டாகப் பிரியுமிடங்களையும் குறித்துக்கொண்டு, அவற்றை எண்களாக்கி, முன்னர்ப் பதிந்தவற்றோடு எவ்வளவுக்கு ஒத்துள்ளன என மதிப்பிடுகின்றது. அது காண்பது ஒப்புமையின் அளவையேயன்றி ஆளையன்று. ஏற்கும் எல்லையை இறுக்கினால் உரியவரே வாயிலில் நிறுத்தப்படுவர். தளர்த்தினால் அயலார் நுழைந்துவிடுவர். இரண்டு பிழைகளையும் ஒருங்கே அறவே நீக்கிய பொறி இன்னும் செய்யப்படவில்லை.

நிறுத்தப்படுவோர் யார்? மேசையிலிருந்து எழுதுவோரின் விரல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சீமெந்து குழைப்பவர், கல் உடைப்பவர், ஆண்டாண்டாக மண்வெட்டி பிடித்தவர், முதுமையால் தோல் தளர்ந்தவர் ஆகியோரின் ரேகைகளே தேய்ந்து போகின்றன. இந்தியாவில் 2010 முதல் வழங்கப்படும் ஆதார் எண்ணுக்காகப் பத்து விரல்களும் இரு கண்மணிகளும் பதியப்படுகின்றன. நூறு கோடிக்கும் மேற்பட்டோர் அதிற் சேர்ந்துள்ளனர். போலிப் பெயர்களில் அரிசி பெறுவதை அது தடுக்குமெனக் கூறப்பட்டது. தடுத்திருக்கலாம். ஆயினும் பங்கீட்டுக் கடையிலே பொறி விரலை ஏற்காமையால் வெறும் பையோடு திரும்பிய ஏழைகளின் முறையீடும் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 இல் அம்மன்றம் அரச உதவிகளுக்கு ஆதாரை அனுமதித்து, தனியார் நிறுவனங்கள் அதனைக் கேட்பதற்கு வழிவிட்ட விதியை நீக்கியது. உழைத்துத் தேய்ந்த விரலே உழைப்பாளிக்கு எதிரான சாட்சியாவதை நாம் சிறு குறையென ஒதுக்கமாட்டோம்.

இவ்விடத்தில் காந்தியடிகளின் வாழ்வை நினைத்தல் பொருத்தமாகும். 1906 இல் தென்னாபிரிக்காவின் திரான்ஸ்வால் அரசு, ஆசிய மக்கள் யாவரும் விரலடையாளங்களைக் கொடுத்துப் பதிவுச் சீட்டுப் பெறவேண்டுமெனச் சட்டமியற்ற முனைந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 ஆம் நாள் ஜோகன்னஸ்பேர்க்கிலே கூடிய மக்கள் அதற்குப் பணியோமெனச் சூளுரைத்தனர். சத்தியாக்கிரகம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற இயக்கம் அங்கேதான் தொடங்கியது. அதில் தமிழர் பெருந்தொகையாகச் சிறை புகுந்தனர்.

எனினும் 1908 ஜனவரியில், மக்கள் தாமாகவே பதிந்துகொண்டால் அச்சட்டம் நீக்கப்படுமென்ற உடன்பாட்டை ஏற்று, அடிகளே விரலடையாளம் கொடுக்க முன்வந்தார். அதனைத் துரோகமெனக் கருதிய பதானியர் ஒருவர் பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் அவரை அடித்து வீழ்த்தினார். உடன்சென்ற தம்பி நாயுடுவும் காயமுற்றார். அடிகளோ படுக்கையிற் கிடந்தவாறே விரல்களைப் பதித்துக் கொடுத்தார். சட்டமோ நீக்கப்படவில்லை. ஆகஸ்ட் 16 ஆம் நாள் ஹமீதியா மசூதி முன்றிலிலே பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன. மறுத்ததும் கொடுத்ததும் அதே விரல்களே. இனத்தின் பெயரால் குற்றவாளிபோல் நடத்தப்பட்டுக் கட்டாயத்தின்பேரில் கொடுப்பதற்கும், நம்பிக்கையின்பேரில் மனமொப்பிக் கொடுப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் அறிந்திருந்தார். படிவத்தைப் படித்துப் பாராமலே விரலை நீட்டும் நாம் அத்தூரத்தை மறந்துவருகின்றோம்.

இன்னுமொன்று. திறப்புத் தொலைந்தால் பூட்டை மாற்றலாம். விரலை மாற்ற இயலாது. 2015 இல் ஐக்கிய அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகக் கணினிகளிலிருந்து ஏறக்குறைய 56 இலட்சம் பேரின் விரலடையாளங்கள் களவாடப்பட்டமை வெளியாயிற்று. செல்வமும் காவலும் மிக்க அரசுக்கே இக்கதியாயின், மூலைக்கடை முதலாளியும் தனியார் கல்வி நிலையமும் எம் பிள்ளைகளின் விரலடையாளங்களை எங்கே, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்பது அடாத கேள்வியன்று. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய உடலடையாளங்களைத் தனிக் காவலுக்குரியனவாக வகுத்துள்ளது. கேட்பதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு.

பொறி வேண்டாமென நாம் கூறவில்லை. அது ஏற்காதபோது உரியவரை அறிந்து உள்ளே அழைக்கும் மனிதரொருவர் பக்கத்தில் இருத்தல் வேண்டும். பழைய வரவுப் பதிவேடும் எழுதுகோலும் மேசையில் இருத்தல் வேண்டும். 2020 இல் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி, பலரும் தொட்ட கண்ணாடித் தட்டிலே விரல் வைக்க எவரும் துணியாதபோது, அலுமாரியினடியில் தேடியெடுக்கப்பட்டது அப்பதிவேடுதான்.