மங்கிய முகம்

சென்ற வாரம் ஒரு தாயார் நம்மிடம் வந்து, "ஸார், ஆண்டு விழாப் படத்தில் என் பெண்ணின் முகம் தெரியக் கூடாது. தயவு செய்து மறைத்து விடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. படம் மறுநாள் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போக வேண்டியது. "அதற்கென்ன, அம்மா!" என்று வாக்களித்து விட்டோம். வாக்களிப்பதில் நமக்கு என்றுமே சிரமம் இருந்ததில்லை.

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது எண்கள் நிரம்பிய கட்டப் பலகை. நம் படம் 4000 கட்டம் அகலம், 3000 கட்டம் உயரம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் கட்டந்தோறும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. இவ்வெண்களைக் கையாளுவதற்கென்றே 'ஓபன்ஸீவி' என்றொரு நிரல் தொகுதி இருக்கிறது. 1999-ம் வருஷம் இன்டெல் கம்பெனியில் தொடங்கப்பட்ட அதை, காசு கொடாமல் யாரும் எடுத்தாளலாம். பைத்தான் பாஷையில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும்.

மங்கச் செய்வதாவது, ஒரு கட்டத்தின் எண்ணை நீக்கி, அதற்கும் அதன் அக்கம்பக்கத்தாருக்கும் உரிய சராசரியை அங்கே வைப்பதே. 'பிளர்' என்ற கட்டளை எல்லாரையும் சரிசமமாக நடத்தும். கணித மேதை காஸின் பெயரால் வழங்கும் 'காஸியன்பிளர்', அருகிலுள்ளவனுக்கு அதிகமும் தூரத்திலுள்ளவனுக்குக் குறைவுமாக மதிப்பளிக்கும். பந்தியில் பரிமாறுகிறவன் உறவு பார்த்து நெய் விடுவதுபோல! 'மீடியன்பிளர்' சராசரியே பார்ப்பதில்லை. எண்களை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதைப் பொறுக்கும். ஒன்பது கட்டங்களில் எட்டு 100 ஆகவும், தூசி விழுந்த ஒன்று 255 ஆகவும் இருந்தால் சராசரி சுமார் 117 ஆகிவிடும். நடு எண்ணோ 100. பழைய படத்தின் புள்ளிகளைப் போக்க இதுவே உகந்தது.

நாம் காஸியனை எடுத்துக்கொண்டு, 5-க்கு 5 என்று அளவு கொடுத்தோம். ஒரு மாற்றமும் காணோம். முகமே 300 கட்டம் அகலமிருக்கையில், ஐந்து கட்டத்துச் சராசரி அதை என்ன செய்யும்? 50 என்றோம்; பிழையென்று திருப்பி அடித்தது. நடுக் கட்டம் ஒன்று வேண்டுமாதலால் ஒற்றைப்படை எண்தான் செல்லுமாம். 51 என்றதும் அழகாக மங்கிற்று, முன்வரிசையில் அமர்ந்திருந்த தலைமையாசிரியரின் முகம்! மேலிருந்து கீழாக எண்ணுவதை முதலிலும், இடமிருந்து வலமாக எண்ணுவதைப் பின்னும் எழுத வேண்டும். நாம் மாற்றி எழுதியிருந்தோம். இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார் என்று பெயர்!

ஒருவாறு திருத்தி, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் காட்டினோம். ஒரு கணத்தில் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டான்.

"எப்படியடா தெரிந்தது?"

"கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரிகிறது, ஸார்."

உண்மைதான். சராசரியால் விவரம் குறைகிறதே தவிர அடியோடு அழிவதில்லை. மங்கலாக்கியும் பெரிய கட்டங்களாக்கியும் மறைத்த முகங்களைக் கம்ப்யூட்டரைப் பழக்கியே அடையாளம் கண்டுவிடலாமென்று, கார்னெல் டெக், டெக்ஸாஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே 'ரெக்டாங்கிள்' என்னும் கட்டளையை எடுத்தோம். கோட்டின் தடிமனை -1 என்று கொடுத்தால் சதுரத்தின் உட்புறமெல்லாம் ஒரே நிறமாக நிரம்பும். அங்கே முன்பிருந்த எண்களில் ஒன்றும் மிஞ்சாது. சாம்பல் நிறத்தை நிரப்பினோம். படம் அவலட்சணமாயிற்று, தலைமையாசிரியரும் முகம் சுளித்தார். ஆனாலும் முதலில் அத்தாயாருக்கே அனுப்பினோம். "இது போதும், ஸார்" என்று பதில் வந்த பிறகே படம் குழுவுக்குப் போயிற்று.