யாருடைய துப்பாக்கி, யாருடைய தோளில்?

போன மாதம் கொமரலிங்கத்தில் நடந்த படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படிப்பவர். "ஏனுங் தோழர், எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு துப்பாக்கியக் கார்ல போட்டுட்டுப் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் போயிட்டு வர்றாரு. அது சட்டப்படி சரிங்களா? சரின்னா நாமளும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாமுங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது கொமரலிங்கத்துப் பையன்.

கொமரலிங்கம் எந்த ஊர் என்று இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடுமலை சங்கரின் ஊர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தில், பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, கௌசல்யாவின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்ட பொறியியல் மாணவரின் ஊர். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவர் ஆயுதம் பற்றிக் கேட்டால் அதை விளையாட்டுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள முடியாது. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். சொல்லப் போனபோது நமக்கே சில விஷயங்கள் புதிதாகத் தெரிந்தன.

முதலில், துப்பாக்கியை ஒரு தனிநபர் எப்படிக் கொண்டுபோகலாம் என்பது. இந்தியாவில் இதைக் கட்டுப்படுத்துவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும். உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, கொண்டுபோகவோ கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. உரிமத்தில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் குற்றம். பொது இடத்தில் கொண்டுபோனால் உறையில் போட்டு மூடித்தான் கொண்டுபோக வேண்டும். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்லூரி வளாகம் எதற்குள்ளும் சிறப்பு அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. விமானத்தில் போனால் முன்கூட்டியே தெரிவித்து, குண்டு நீக்கி, கூடவே வைத்துக்கொள்ளாமல் சரக்கோடு அனுப்ப வேண்டும். கூரியரில் போட்டு அனுப்புகிற பண்டமல்ல அது. உரிமம் இல்லாதவர் கையில் அது இருப்பதே குற்றம், குறைந்தது இரண்டு ஆண்டு சிறை. இன்னொருவருக்கு விற்பதானால், வாங்குபவருக்கும் அதற்கான தகுதி இருக்க வேண்டும். யாருக்கு விற்கிறோம் என்று மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கிக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே கைத்துப்பாக்கியை அஞ்சலில் அனுப்ப 1927-இல் தடை போட்டார்கள்.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் அதே மூன்றாம் பிரிவின் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவர் உடனிருக்கும்போதோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதியின் பேரிலோ, உரிமமே இல்லாத இன்னொருவர் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். எதற்கு? பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமையாளரின் பயன்பாட்டுக்காக.

இந்த வரியை வகுப்பறையில் படித்தால் சாதாரண நடைமுறை விதி. தோட்டத்துச் சாலையில் நின்று படித்தால் வேறு மாதிரி தெரியும். பண்ணையார் முன்னே நடக்க, பின்னே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் யார்? நம் தாத்தன்களில் சிலர். அவர்கள் தோளுக்கு உரிமம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அந்தத் தோளும் பண்ணையாருடையது என்றுதான் ஊர் நினைத்தது. ஆண்டையின் துப்பாக்கியைச் சுமக்கச் சட்டம் நமக்குத் தடை சொல்லவில்லை. நம் பெயரில் ஒன்று வேண்டும் என்று கேட்டால்தான் காவல் நிலைய அறிக்கை, விசாரணை, பொது அமைதி எல்லாம் வரிசையாக வரும்.

எழுத்தளவில் அந்தச் சட்டம் நம்மை ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினான்காம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது. இதை முதலில் படித்தபோது, 1959-இல் இதை எழுதியவர்களை ஒரு நிமிடம் மெச்சத் தோன்றியது. அடுத்த நிமிடமே பதின்மூன்றாம் பிரிவு நினைவுக்கு வந்தது. உரிமத்துக்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று பயிர்ப் பாதுகாப்பு. பன்றி மேயும் பயிர் யாருடையது? அமராவதிப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் யார் பட்டாவில் இருக்கின்றன? நிலமற்றவனுக்குக் காக்கப் பயிர் இல்லை, பயிர் இல்லாதவனுக்குக் காரணம் இல்லை. சொத்தில்லை என்று மறுக்கக் கூடாதுதான். காரணம் போதவில்லை என்று மறுத்துக்கொள்ளலாம். சமூகவியல் வகுப்பில் அமைப்புசார் விலக்கல் என்று படித்தோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்கு இதுவரை கிடைக்கவில்லை.

குடகை எடுத்துக்கொள்ளுங்கள். குடவ இனத்தவருக்கும் அங்குள்ள ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் உரிமத் தேவையிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளையன் காலத்தில் கொடுத்தது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் செல்லும் என்றது. பிறப்பையும் நிலத்தையும் பார்த்து ஆயுத உரிமை தருவது இந்தக் குடியரசில் இன்றைக்கும் சட்டப்படி சாத்தியம் என்பதைத்தான் இது காட்டுகிறது. பிறப்பைப் பார்த்துப் பறித்ததும் நடந்திருக்கிறது. பம்பாய்ப் படையில் தலைமுறைகளாகச் சண்டையிட்ட மகர்களை, 'போர்க்குடி' என்ற பட்டியலில் நீங்கள் இல்லை என்று 1890-களில் வெள்ளை அரசு ஆள்சேர்ப்பிலிருந்து தள்ளியது. அம்பேத்கரின் தந்தை அதே படையில் சுபேதாராக இருந்தவர். மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை ஆனது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். துப்பாக்கி உரிமம் பற்றிப் பேசும் இன்னொரு சட்டம் நம்மிடம் இருக்கிறது, நம்மில் பலர் அதை அந்தக் கண்ணோடு படித்ததில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995-இல் வந்த விதிகள். மூன்றாம் விதி: வன்கொடுமை நடக்கலாம், மீண்டும் நடக்கலாம் என்று அரசு கருதும் பகுதிகளை அடையாளம் காண வேண்டும். அப்பகுதியில், தேவை எனக் கருதினால், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடையது மட்டுமல்ல. அவர்களின் நெருங்கிய உறவினர்கள், வேலைக்காரர்கள், பணியாளர்கள், குடும்ப நண்பர்கள் வைத்திருக்கும் உரிமங்களையும்.

வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்கள் என்ற சொற்களைக் கவனியுங்கள் தோழர்களே. சாதி ஒரு துப்பாக்கியை எப்படிக் கைமாற்றும் என்று தெரிந்த யாரோ ஒருவர் அந்த விதியை எழுதியிருக்கிறார். ஆயுதச் சட்டம் சாதாரண வசதியாகப் பார்த்த அதே கையை இந்த விதி சந்தேகத்தோடு பார்க்கிறது.

ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு 1968 டிசம்பர் 25 போதும். கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்த அந்த இரவில் முதலில் வந்தது துப்பாக்கிச் சூடு. 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. காரும் சொத்தும் உள்ள மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் எழுதியது. பணக்காரன் தானே போகமாட்டான், ஆளை அனுப்புவான் என்பது நீதிமன்றத்துக்கும் தெரிந்திருக்கிறது. அது தெரிந்தும் அனுப்பியவனைத் தேடவில்லை. பீகாரில் லக்ஷ்மண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1 அன்று ரன்வீர் சேனை 58 பேரைச் சுட்டுக் கொன்றது. 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அங்கே துப்பாக்கிகள் நிலவுடைமையின் வீடுகளில் இருந்து வந்தன என்பது எல்லோரும் அறிந்த செய்தி.

"சங்கரை அரிவாளால்தானே வெட்டினார்கள், துப்பாக்கியைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. ஆயுதச் சட்டம் வேளாண்மைக்கோ வீட்டுக்கோ மட்டுமென வடிவமைத்த கருவிகளை ஆயுதம் என்றே கருதுவதில்லை. கருக்கரிவாளுக்கு இது சரி. வீச்சரிவாளை எந்தப் பயிரை அறுக்க வடிவமைத்தார்கள்? அதை வைத்து நெல் அறுத்தவரை நாம் பார்த்ததில்லை. துப்பாக்கிக்கு ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்கிற அரசு, சாக்குப்பையில் சுற்றிய வீச்சரிவாள் இருசக்கர வாகனத்தில் போவதைக் கண்டுகொள்ளாது. ஏனென்றால் 1878-இல் வெள்ளையன் போட்ட முதல் பெரிய ஆயுதச் சட்டம், 1857 போல இன்னொன்று நடக்கக் கூடாது என்ற பயத்தில் பிறந்தது. அரசுக்கு எதிராக எழும் ஆயுதத்தைத்தான் அது தேடியது. சேரிக்கு எதிராக எழும் ஆயுதத்தைத் தேடும் பழக்கம் அந்தச் சட்டத்தின் வாரிசுகளுக்கு இன்னும் வரவில்லை.

துப்பாக்கி நம் பக்கத்து ஊர்களில் வெடிப்பது குறைவுதான். கூலி கேட்கப் போனவன் திண்ணையில் நிற்கும்போது சுவரில் மாட்டியிருந்தால் போதும், அதன் வேலை முடிந்தது. உரிம நிபந்தனையை மீறி ஒருவர் அதைச் சாமி ஊர்வலத்தில் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன தண்டனை தெரியுமா? முப்பதாம் பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அரசால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு தேர்தலிலும் முடிகிறது. அறிவிப்பு வந்த சில நாட்களில் மாவட்டக் குழு கூடி, உரிமங்களைச் சரிபார்த்து, துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. தோட்டத்துக்காரர்கள் உறை போட்டுக் காரில் கொண்டுவந்து ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஓட்டுப்பெட்டிக்காக ஒரு மாதம் முடிகிறது. வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ள கிராமங்கள் என்று காவல்துறையே பட்டியல் வைத்திருக்கிற ஊர்களில் மட்டும் முடியாதா? உரிமத்தில் கையெழுத்திடுகிற மாவட்ட ஆட்சியர்தான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழுவுக்கும் தலைவர். நாற்காலி ஒன்றுதான், இரண்டு கோப்புகளையும் ஒன்றாக விரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதே மூன்றாம் விதியில், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற வகையில், தேவையெனில் பட்டியலினத்தவருக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்றும் இருக்கிறது. ஆக, சட்டம் அனுமதிக்கிறது. வாங்கச் சொல்கிறோமா? இல்லை. இதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க எச்.வி. காமத் கொண்டுவந்த திருத்தத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றே நாமும் நினைக்கிறோம். 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி அனுமதி கேட்டார், மறுத்துவிட்டார்கள். 1865-இல் மிசிசிப்பி, விடுதலையான கறுப்பின மக்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. பத்துப் பேர் உள்ள தெருவில் ஒரு துப்பாக்கி வந்தால், காவல்துறை முதலில் வந்து கதவைத் தட்டுவது அந்தத் தெருவில்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் நம் பெண்ணுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது. நம் வீட்டில் ஒன்று வாங்குவதைவிட, அவர்கள் வீட்டில் இருப்பதை இறக்க வைப்பதில்தான் நம் உழைப்பு போக வேண்டும்.

அதற்கு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அன்று படிப்பு வட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியே உட்கார்ந்து எழுதினார். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கட்டணம். நான்கு கேள்விகள்: மடத்துக்குளம், உடுமலை வட்டங்களில் வன்கொடுமை நிகழ வாய்ப்புள்ளவையாக அடையாளம் கண்ட ஊர்கள் எவை, அந்த ஊர்களில் நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, மூன்றாம் விதியின் கீழ் இதுவரை எத்தனை உரிமங்கள் மறுஆய்வு செய்யப்பட்டன, எத்தனை ரத்து செய்யப்பட்டன, கண்காணிப்புக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது. உரிமையாளர்களின் பெயர்களைக் கேட்கவில்லை. கேட்டால் அதையே காரணம் காட்டி மொத்தத்தையும் மறுப்பார்கள். மற்ற மாவட்டத் தோழர்கள் வட்டப் பெயரை மாற்றி இதையே அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டு மனுவை அடுத்த கூட்டத்தில் சேர்ந்து எழுதுவோம். இடம் அதே சமுதாயக் கூடம், ஞாயிறு மாலை, கம்பெனி விடுமுறை என்பதால்.