அரும்பு என்றால் மக்கு அல்ல

இரண்டு வருஷத்துக்கு முன் அன்னவாசல் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் என்னை நிறுத்தினார். "ஐயா, எம் மக மூணாவது படிக்கிறா. இன்னும் அரும்புலயே வச்சிருக்காங்க. மக்குன்னு ஒதுக்கிட்டாங்களா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பை மீட்க, 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கியது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைக்கு எதுவரை தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அதற்கேற்ற பயிற்சி தந்தார்கள். இது புதிதும் அல்ல. அதற்கும் முன்பே செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படி போல அவரவர் வேகத்தில் முன்னேறினார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆசிரியர் வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். 'திக்தே' என்பார்கள். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். என் பக்கத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பையன். மனக்கணக்கில் புலி. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர் யாரும் இல்லை. முப்பது பிழை செய்தவன் மெல்ல மெல்லப் பத்துக்கு வந்தான். அப்போதும் பூஜ்யம்தான். அவன் ஏறி வந்த தூரத்தை அந்தத் தாள் ஒருநாளும் சொல்லவில்லை. பாதி வருஷத்தில் நின்றுவிட்டான். பக்கத்திலேயே இருந்த நானும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அதனால் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதை நான் தவறென்று சொல்லமாட்டேன். தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் தெரியாத இடத்துக்குப் போகமுடியும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அரும்பு என்பது படி, பட்டப்பெயர் அல்ல. அதைச் சொல்லிப் பிள்ளையை ஏசினால் பழைய பூஜ்யமே மேல். இன்னொன்று, ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேரம் எங்கிருந்து வரும்? புத்தகம் அச்சடித்தால் போதாது, ஆள் போடவேண்டும்.

அந்தத் தாயிடம் சொன்னேன்: "எந்தக் குழுன்னு கேட்காதம்மா. போன மாசம் தெரியாதது இந்த மாசம் என்ன தெரிஞ்சுதுன்னு டீச்சர்கிட்ட கேளு."

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. சாயங்காலம் திண்ணையில் சும்மாதானே இருக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திணறினால் அவசரப்படுத்தாதீர்கள்.