பாட்டு வகுப்பு வீண் வகுப்பா?

"தேர்வுக்கு வராத பாடத்திற்கு ஒரு பீரியட் எதற்கு?" என்று கேட்போர் பலர். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால், பாட்டு வகுப்புதான் முதலில் கணக்கு வகுப்பாகிறது. இதுபற்றி எங்கள் பாட்டு டீச்சரிடம் கேட்டேன். "ஆண்டு விழா வந்தால் என்னைத் தேடுகிறார்கள். ஒரு மாதப் பயிற்சியில் பாட்டு மனப்பாடமாகும், சுருதி சேராது. அதற்கு வாரந்தோறும் பாட வேண்டும், அம்மா" என்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள், தோழியரே! ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களைக் கையால் போட்டு எண்ணுவதும் கணக்குதானே? சேர்ந்து பாடும்போது, அடுத்து நிற்பவள் குரலுக்குச் செவி கொடுக்கவும் கற்கிறோம் அல்லவா?

ஹங்கேரி நாட்டில் இசை மேதை சோல்டான் கோடாயின் கருத்தைத் தழுவி, 1950-ல் கெச்கெமேட் நகரில் ஒரு பள்ளி தொடங்கியது. அங்கே குழந்தைகள் தினமும் பாடினார்கள். பின்னர் அந்நாட்டில் அதுபோல் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் தோன்றின. நாம் தினமும் கேட்கவில்லை. இருக்கும் வகுப்பையே கேட்கிறோம்.

பணம் கட்டித் தனியே பாட்டுக் கற்க எல்லா வீட்டிலும் வசதியில்லை. அத்தகைய மாணவிக்குப் பள்ளியின் பாட்டு வகுப்பே ஒரே வாசல். தேர்வு மாதத்திலும் அவ்வாசலை அடைக்காதிருக்க வேண்டுமென்று மதர் அவர்களையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி