நாளுக்கு நூறு ரூபாய் தண்டமா?



மூலக்கொத்தளத்துச் சந்தில் ஒண்டிக்குடித்தனம் நடத்தும் மூட்டை தூக்கும் தொழிலாளி, வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குப் படித்துக் காட்டுவது யார்? "ஐந்தாந் தேதிக்குள் வாடகை தராவிட்டால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் அபராதம்" என்று ஒரு ஷரத்து இருந்தால், அதன் கணக்கைப் பாருங்கள்.

வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் பிந்தினால் தண்டம் 1,000 ரூபாய்! நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி போட்டால், அதே பத்து நாளுக்கு ஆவது சுமார் 17 ரூபாய்தான். இந்தத் தண்டமோ வருஷத்துக்கு நூற்றுக்கு 730! கடனுக்கு இப்படி வட்டி வாங்குகிறவனைப் பிடிக்க 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வாடகையில் வாங்கினால் மட்டும் அது 'ஒப்பந்தம்' ஆகிவிடுமா?

தொழிலாளி ஏன் பிந்துகிறான்? சம்பளம் பிந்துவதால்! 1936ம் வருஷச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் முதலாளிக்கு 7ந் தேதி வரை, பெரிய ஆலையானால் 10ந் தேதி வரை தவணை கொடுத்தது. அதன் இடத்தில் வந்துள்ள 2019ம் வருஷ ஊதியச் சட்டத் தொகுப்பிலும் மாதச் சம்பளத்துக்குக் கெடு 7ந் தேதிதான். கொடுக்கிற முதலாளிக்கு ஏழு. வாங்கிக் கட்டுகிற தொழிலாளிக்கு ஐந்தா? சம்பளம் பிந்திய நாளுக்கெல்லாம் காண்டிராக்டர் நூறு நூறாகக் கூட்டித் தருகிறாரா?

சட்டம் சொல்வது என்ன?

1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி, பத்திரத்தில் எவ்வளவு தண்டம் எழுதியிருந்தாலும் கோர்ட்டு தரக்கூடியது நியாயமான நஷ்டஈடு மட்டுமே. 1963ல் பத்தே சந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. ஆகவே பத்திரத்தில் எழுதியதெல்லாம் வேதவாக்கு அல்ல.

ஆனால் கோர்ட்டுப் படியேற அன்றாடங்காய்ச்சிக்கு ஏது நேரம், ஏது காசு? 1960ம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்ற கவசமாவது இருந்தது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதையும் கழற்றி எறிந்தது. இரண்டு மாதப் பாக்கியை, பத்திரத்தில் கண்ட தாமத வட்டியோடு, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வெளியேற்ற வழக்குப் போடலாம் என்கிறது. அந்த வட்டிக்கு உச்சவரம்பு எவ்வளவு? அந்தப் பிரிவில் ஓர் எண்கூட இல்லை!

ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சிறு வீட்டுக்காரரிடம் நமக்குப் பகை இல்லை. பாக்கிக்கு நியாயமான வட்டி அவருக்கு உண்டு. கொள்ளைதான் கூடாது.

நமது கோரிக்கை இது: 10ந் தேதி வரை தண்டம் கூடாது. அதற்குப் பின்னும் வருஷத்துக்கு நூற்றுக்கு 12க்கு மேல் கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுது!

அதுவரை, படித்துக் காட்டச் சொல்லாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீது இல்லாமல் வாடகை கொடுக்காதீர்கள். வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டுங்கள். பாக்கியைக் காட்டித் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அவரிடமே மனுப் போடுங்கள். அது சட்ட விரோதம்.

பண்ணையாரின் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது 1971ம் வருஷக் குடியிருப்புச் சட்டம். அது யாரும் இரங்கிப் போட்ட பிச்சையா? இல்லை! சங்கமாகத் திரண்டு கேட்டதால் கிடைத்தது. கிராமத்தில் குடிசைக்குக் கிடைத்த காப்பு, பட்டணத்தில் வாடகை அறைக்கும் கிடைத்தே தீரவேண்டும். சந்துக்குச் சந்து குடித்தனக்காரர்களே, ஒன்று சேருங்கள்!