வோட்டர் புளொக்கை முதலில் தராசில் வையுங்கோ

"கம்பியூட்டருக்குள்ள தண்ணி விடுறானாம்!" என்று எங்கட பெற்றோர் சொல்லும்போது அதில் பாதி பயம், பாதி ஏளனம். பயம் நியாயம். ஏளனம் தேவையில்லை. ஆனால் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு மட்டும் இல்லை. புரொசெசருக்கு மேலே தானே செய்த செம்புக் கட்டியைப் பூட்டும் பிள்ளை, குழாய் ஒழுகுதா என்று பத்துத் தரம் பார்க்கும். அந்தக் கட்டி எத்தனை கிராம் என்று கேட்டுப் பாருங்கோ, முழிக்கும்.

தெரியாதவர்களுக்கு: வோட்டர் புளொக் என்பது உள்ளே வாய்க்கால் வெட்டிய ஒரு உலோகக் கட்டி. புரொசெசரின் முதுகில் அது அழுந்தி இருக்கும். உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேற்றருக்குப் போய் ஆறித் திரும்பி வரும். காரில் நடப்பதுதான் இங்கேயும்.

டென்மார்க்குக்கு இது புதிய பைத்தியமும் இல்லை. இன்று பல பெயர்களில் விற்கும் மூடிய தண்ணீர்க் குளிரூட்டிகளில் கணிசமானவை ஓல்போர் நகரத்து அசெடெக் நிறுவனத்தின் வடிவமைப்பு. அன்ட்ரே ஸ்லொத் எரிக்சன் தொடங்கிய அந்த நிறுவனம் ஆரம்பத்தில் விற்றது வேப்போசில் என்ற சாமானை. ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற கொம்பிரசரை வைத்துப் புரொசெசரைப் பூச்சியத்துக்குக் கீழே குளிர வைக்கும் பெட்டி அது. 1991இல் தொடங்கி இரண்டாயிரத்தின் ஆரம்பம் வரை, கிறிஸ்மசுக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் 'த பார்ட்டி' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கம்பியூட்டரைக் காவிக்கொண்டு யூட்லாந்தில் கூடினார்கள். காவிக்கொண்டு என்ற சொல்லைக் கவனியுங்கோ. எடையின் கதை அங்கேதான் இருக்கிறது.

புரொசெசர் செய்கிறவர்கள் அதன் மேல் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று எழுதியே தருகிறார்கள். ஏஎம்டியின் பழைய சொக்கற் ஏ காலத்தில் அது 300 கிராம். இன்ரெலின் பென்ரியம் 4க்கான சொக்கற் 478இலும், அடுத்து வந்த எல்ஜீஏ 775இலும் 450 கிராம். எல்ஜீஏ 1155இல் 500. இந்த எண்கள் விசிறி பூட்டிய சாதாரண ஹீற்சிங்கை நினைத்து எழுதப்பட்டவை. வீட்டில் செய்த வோட்டர் புளொக்குக்கென்று தனியாக ஒரு எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் பிள்ளைகள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், இது எங்களுக்கில்லை என்று இரண்டு விரல் தடிப்பில் செம்பை ஏற்றுகிறது. மற்றப் பக்கம் 450ஐத் தாண்டினால் போர்ட் முறிந்துவிடும் என்று நடுங்குகிறது. இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு.

கணக்கைப் பார்ப்போம். 50க்கு 50 மில்லிமீற்றர், 20 மில்லிமீற்றர் உயரம் உள்ள முழுச் செம்புக் கட்டி ஒன்று 448 கிராம் வரும். செம்பு ஒரு கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம். அதே கட்டி அலுமினியத்தில் 135 கிராம்தான். 448 கிராம் பெரிய பாரமா என்றால், சும்மா நிற்கும்போது இல்லவே இல்லை. எல்ஜீஏ 1155இல் ஹீற்சிங்கை 222 நியூட்டன், அதாவது 22 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்துக்குச் சமமான விசையால் அழுத்தலாம் என்று இன்ரெலே விட்டிருக்கிறது. திருகாணிகள் கொடுக்கும் அந்த அழுத்தத்துக்கு முன்னால் அரைக் கிலோ ஒன்றுமே இல்லை.

பிரச்சினை போர்ட் செங்குத்தாக நிற்கும்போதும், பெட்டி குலுங்கும்போதும் வருகிறது. அப்போது எடையோடு அது எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும் சேரும். நொக்ருவாவின் என்எச்-டி15 என்ற கோபுரம் விசிறி இல்லாமலே கிட்டத்தட்ட ஒரு கிலோ, உயரம் 165 மில்லிமீற்றர். அதன் பாரம் போர்டில் இருந்து ஏழெட்டு சென்ரிமீற்றர் தள்ளித் தொங்குகிறது. எங்கட செம்புக் கட்டியின் பாரமோ ஒரு சென்ரிமீற்றரில் நிற்கிறது. போர்டை வளைக்கும் முறுக்கு அதில் கோபுரத்தின் பதினைந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தக் கோபுரமே எழுதிய எல்லையை மீறி விற்பனையாகிறதென்றால், அதற்குக் காரணம் போர்டின் பின்பக்கம் உலோகத் தகடு வைத்து நாலு திருகாணியால் இறுக்குவது. சொக்கற் ஏ காலத்தில் பாரம் முழுக்கத் தொங்கியது சொக்கற்றின் பிளாஸ்ரிக் காதுகளில். 300 என்ற சின்ன எண்ணுக்கு அர்த்தம் அதுதான்.

ஆகவே என் கருத்து இது: தகடு போட்டு, போர்டை ஊடுருவித் திருகாணி பூட்டினால் 450, 500 கிராம் புளொக் ஆபத்தில்லை. பிளாஸ்ரிக் கொளுவியிலோ காதுகளிலோ தொங்கவிட்டால் 300 கிராமே கூட.

ஆனால் குலுக்கலை மறக்கக் கூடாது. பெட்டியைக் காரில் இருந்து இறக்கும்போது தட்டென்று வைத்தால், புவியீர்ப்பைப் போல முப்பது மடங்கு அடி ஒரு கணம் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கோ. அந்தக் கணத்தில் 450 கிராம் பதின்மூன்றரைக் கிலோவாக இழுக்கும். 2015 இறுதியில் நடந்தது நல்ல சாட்சி. இன்ரெலின் ஸ்கைலேக் புரொசெசர்களின் அடிப்பலகை முந்தியவற்றை விட மெல்லியது. பாரமான குளிரூட்டி பூட்டிய கம்பியூட்டரைக் கொண்டுபோகும்போது புரொசெசரே வளைந்ததாக முறைப்பாடுகள் வந்தன. ஜப்பானின் சைத் நிறுவனம் தன் குளிரூட்டிகளுக்குப் புதிய திருகாணிகளை இலவசமாகக் கொடுத்தது. எடையைக் குறைக்கவில்லை, இறுக்கும் அழுத்தத்தைத்தான் குறைத்தது. "இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லாக் குளிரும்" என்று முறுக்குகிற கைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தடிப்பான செம்பு நல்லாக் குளிர்விக்கும் என்ற நம்பிக்கை. எங்கட ஆட்களுக்குப் பாரமென்றால் தரம், நகையிலிருந்து தொடங்கிய பழக்கம். 448 கிராம் செம்பின் சூட்டை ஒரு பாகை உயர்த்த 172 ஜூல் போதும். 100 வாற் புரொசெசர் இரண்டு செக்கனுக்குள் அதைச் செய்துவிடும். அதே சூட்டை 41 கிராம் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சூட்டைக் கொண்டுபோவது ஓடும் தண்ணீர். செம்பின் வேலை சூட்டைத் தண்ணீரின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவது மட்டும். அதற்கு மெல்லிய அடித்தட்டும், நெருக்கமாக வெட்டிய வரிகளும் போதும். 5 மில்லிமீற்றர் செம்பு அடி, மேலே 15 மில்லிமீற்றர் அசெற்றல் பிளாஸ்ரிக் மூடி என்று செய்தால், வாய்க்கால் வெட்ட முன்னமே முழுவதும் 165 கிராம்தான். எல்லா எல்லைகளுக்கும் கீழே. இப்படிப் பார்த்தால் எடை எல்லை பிள்ளையின் கையைக் கட்டவில்லை, நல்ல வடிவமைப்புப் பக்கம்தான் தள்ளுகிறது.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். ஹேர்னிங், வைலே, கிறின்ஸ்ரெட் பக்கம் எண்பதுகளில் வந்து இறங்கிய எங்கட ஆட்களில் எத்தனை பேர் உலோகத் தொழிற்சாலைகளில் லேத்திலும் சிஎன்சியிலும் நின்று இன்றைக்கு ஓய்வூதிய வயதைத் தொடுகிறார்கள்? நானும் அப்படி ஒரு பட்டறையில் நின்றவன்தான். செம்பு பிசின் மாதிரி வெட்டலகில் ஒட்டும், வேகமும் எண்ணெயும் வேறு என்று எங்களுக்குக் கைக்குத் தெரியும். மகனோ மகளோ அதே விசயத்தை அறைக்குள் இருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறது. தகப்பன் ஹோலில் ரீவி பார்க்கிறார். கேட்டால், "உதெல்லாம் விட்டுட்டுப் படி தம்பி, எஞ்சினியராக வா." மகள் கேட்டால் அதுவும் இல்லை, "உனக்கேன் பிள்ளை இந்த வேலை?" எஞ்சினியர் பிறகு எதைத்தான் செய்கிறவர் என்று நினைக்கிறோம்?

டெனிஷ்காரன் இதில் வேறு மாதிரி. பள்ளிக்கூடத்திலேயே மரமும் உலோகமும் பாடம். இன்டுஸ்ரிடெக்னிக்கருக்குப் படித்துச் செய்முறைப் பரீட்சையில் சித்தியடைந்து ஸ்வென்டபிரேவ் எடுத்தவனை யாரும் "படிக்காதவன்" என்று சொல்வதில்லை. வீட்டில் இடமில்லை என்றால் கோப்பன்ஹேகனில் லபிரற், ஓகூஸில் ஓப்பன் ஸ்பேஸ் ஓகூஸ் போன்ற பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. எங்கட கலாச்சார நிகழ்வுகளுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற கார் அங்கேயும் ஒருநாள் போகலாம்.

இந்த மாதம் யாராவது ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள் சுலபமானவை. இணைப்புகள், பட்டை, திருகாணி எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தாயா? பித்தளை இணைப்புகள் சத்தமில்லாமல் எடையைக் கூட்டும். உன் சொக்கற்றுக்கு எழுதிய எண் என்ன? பின்னால் தகடு இருக்கா? விறைத்த குழாய் புளொக்கை ஒரு பக்கம் இழுக்குதா? ரேடியேற்றர் அலுமினியமா? செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கும், ஒழுக்கு அங்கேயிருந்து வரும். பூட்டிய பிறகு கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் தனியாக ஒரு நாள் ஓடவிட்டு, கீழே வெள்ளைக் கடதாசி விரித்துப் பாருங்கோ. நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பெட்டியை நிமிர்த்தி வைக்காமல், போர்ட் கீழே படுத்து புளொக் மேலே இருக்கும்படி பின் ஆசனத்தில் கிடத்துங்கோ. ஒரு தலையணையும் வையுங்கோ.