நட்டம் யாருக்கு?

“அரசுப் போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் நடக்கிறது!” மாளிகைவாசிகள் சொல்கின்றனர், ஏடுகள் எழுதுகின்றன, பேருந்துக்குக் கால்கடுக்கக் காத்திருக்கும் ஏழையும் கேட்டுக் கேட்டு, அதையே திருப்பிச் சொல்கிறான். நட்டமாம், நட்டம்! எந்தக் கணக்கில் நட்டம்? யார் எழுதிய கணக்கு அது?

காஞ்சியைப் பாருங்கள், தோழர்களே! 2019 ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாட்கள், அத்திவரதரைக் காண இலட்சோப இலட்சம் மக்கள் இந்நகரில் குவிந்தனர். சிறப்புப் பேருந்துகள் அணி அணியாய் ஓடின. அது வீண்செலவென்று எவரேனும் தலையில் அடித்துக்கொண்டனரா? இல்லை. மக்கள் வருகிறார்கள், பேருந்து விடுவது அரசின் கடமை என்றனர். நன்று! அதே கடமை, பிள்ளையார்பாளையத்தில் பட்டிழை சுற்றிக் கூலி பெறும் பெண்ணுக்கு என்றதும் கசப்பானேன்?

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை பிறந்தது. உடனே எழுந்தது ஏளனம். 2022 இல் அன்றைய அமைச்சர் பொன்முடியே மேடையில் “ஓசி” என்றார். பின்னர் வருத்தம் தெரிவித்தார். சொல் போயிற்று, அச்சொல்லைப் பெற்ற எண்ணம் போயிற்றா? பயனடைந்த பெண்ணுக்குத் திங்கள்தோறும் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறிற்று. உழைப்பவள் வீட்டு உலைக்கும், பிள்ளையின் ஏட்டுக்கும் சென்ற பணம் நாட்டுக்கு நட்டமா?

நோயின் வேர் வேறிடத்தில் உள்ளது. 50 பேருந்துகளும் அதற்கு மேலும் வைத்திருந்த பெருமுதலாளிகளின் வண்டிகளை ஏற்க 1971 இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே பல்லவன் முதலிய கழகங்கள் பிறந்தன. தனியார் வேட்டைக்காடு, மக்கள் சொத்தாயிற்று! ஆனால், சாலைப் போக்குவரத்துக் கழகங்களுக்கென 1950 இலேயே தனிச் சட்டம் இருக்க, இவை கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவாயின. காஞ்சிப் பேருந்துகளை இயக்கும் விழுப்புரம் கழகத்தின் பெயரின் வாலிலும் “லிமிடெட்” தொங்குகிறது.

கம்பெனி என்றால் இலாபம் காட்டவேண்டும். கட்டணம் விதிப்பது யார்? அரசு. வரவில்லாத சிற்றூருக்கும் ஓட்டு என்பது யார்? அரசு. மாணவரைக் கட்டணமின்றி ஏற்று என்பது யார்? அரசு. அத்தனையும் நியாயமே! ஆனால் கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று ஏசுவது நியாயமா?

“ஈடு கொடுக்கிறோமே!” என்பர். மகளிர் பயணத்துக்கென 2021 இல் 1,200 கோடி ரூபாய் அறிவித்தனர். 2024-25 வரவு செலவுத் திட்டத்தில் 3,050 கோடி. மறுக்கவில்லை. எனினும் அது ஆண்டுதோறும் ஆள்வோர் மனம் வைத்து அளக்கும் மானியம்; சட்டம் வழங்கிய உரிமை அன்று. டீசல் விலை ஏறும், கட்டணம் நிற்கும். இடைப்பட்ட பள்ளத்தை நிரப்பியவன் யார்? தொழிலாளி! அவனுக்குரிய ஓய்வூதியப் பலன்கள் நிலுவையாயின. 2018 ஜனவரியில் ஊதியத்துக்கும் நிலுவைக்குமாக வேலைநிறுத்தம். அதே திங்கள் 20 ஆம் நாள் கட்டண உயர்வு. 2024 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம், ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படிக்காகவும்! அரசின் கடமைக்குக் கடன் கொடுத்தவன் ஓட்டுநன். வட்டியுமின்றி, அவன் ஒப்புதலுமின்றி!

ஆகவே கேட்கிறோம், சட்டம் வேண்டும்! அரசு கட்டளையிடும் சேவைக்கு ஆகும் முழுச்செலவையும் கணக்கிட்டு, குறித்த நாளில் செலுத்துவது அரசின் கடன் என்று சட்டம் சொல்லட்டும். தொழிலாளியின் சேமநிதியில் எவரும் கைவைக்கலாகாது என்றும் சொல்லட்டும். இது கற்பனையன்று. பொதுப்பணிக் கடமை சுமத்தினால் அதற்கான ஈட்டை ஒப்பந்தத்தில் வரையறுக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007 இலேயே விதி செய்தது.

பாவு மட்டும் பட்டாகாது, ஊடை ஓடவேண்டும். காஞ்சித் தறிக்காரர் அறிந்த உண்மை இது. சட்டம் பாவு, நிதி ஊடை. 1971 இல் பாவு பூட்டினோம். ஊடையை ஆள்வோரின் கருணைக்கு விட்டுவைத்தோம். இனி நட்டம் என்போரிடம், தோழர்களே, தெருத்தெருவாய்க் கேளுங்கள்: தெருவிளக்கு எவ்வளவு இலாபம் ஈட்டிற்று?